பாலாறும் நீதியின் எல்லையும்

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் மைய அரசு இயற்றியது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகு தொழிற்சாலை புதிதாக எழக்கூடாதென்பது 1989இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணை. இரண்டும் ஏட்டில் உறங்கின. பாலாறோ தோல் கழிவால் மாசுற்றது.

1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம், அச்சட்டப்படி தனி ஆணையம் அமைக்குமாறு மைய அரசைப் பணித்தது. மாநில ஆணையையும் உடனே செயற்படுத்தச் சொன்னது. நீதிமன்றம் எல்லை கடந்தது என்பார் உளர். நாம் உடன்படோம், இரு அரசுகளும் தாமே வகுத்த கடமையைத்தான் அது நினைவூட்டியது.

நம் பகுதிக் கல்விக்கூடங்களை வளர்த்ததில் தோல் வணிகரின் கொடைக்குப் பெரும் பங்குண்டு, அதனை மறவோம். ஆயினும் கொடுத்த கைக்கும் ஆற்றின்பால் கடனுண்டு. அக்கடன் தீராமையாலன்றோ 2025 சனவரியிலும் உச்சநீதிமன்றம் இழப்பீடு பற்றி ஆணையிட நேர்ந்தது? இனியும் தீர்ப்புக்குக் காத்திருத்தல் நமக்கு அழகன்று.