பஞ்சமி நிலம் எங்கே போயிற்று?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் சுவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சுவர் நிறைய எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை அதில் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த முறையை அவை சொல்கின்றன.

ஊரை 30 குடும்பாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு ஓலையை எடுத்தான். அதுதான் குடவோலை! கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகாது. என்ன கண்டிப்பு! 2020-ல் டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். பெருமைதான்.

ஆனால், தகுதி என்றார்களே, அது என்ன?

வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35 முதல் 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அந்தணர்கள் வாழ்ந்த சதுர்வேதிமங்கலம் அது. அவர்களுக்குள் நிலம் குறைந்தவருக்குச் சலுகை கூட உண்டு. அரைக்கால் வேலியும் கூடுதல் படிப்பும் இருந்தால் போதும். அந்த நிலத்தை உழுதவன் பெயர்? அது குடத்தின் பக்கமே வரவில்லை. பெண்கள் பெயரும் வரவில்லை.

கலெக்டர் கண்ட காட்சி

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஓடியது. நிலமும் மனையும் இல்லாதவனுக்கு ஊரில் குரல் இல்லை என்ற நிலை மட்டும் ஓடவில்லை. 1891-ல் செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் இதை விவரமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். உத்திரமேரூரும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது.

சேரியில் பலருக்குக் குடிசையின் அடிமண் கூடச் சொந்தமில்லை. அது மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும், அதில் மிராசுதாருக்கே முதல் பாத்தியதை. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளையும் உழைத்தான். இப்படிப்பட்டவன் எந்தக் கோர்ட்டுப் படியை ஏறுவான்?

அதன் பலன்தான் 1892 செப்டம்பர் 30-ந் தேதி வந்த 1010-ம் எண் சர்க்கார் உத்தரவு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்கச் சொன்னது. பத்து வருடத்துக்கு அதை யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் சர்க்கார் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுவே பஞ்சமி நிலம்.

அதே காலத்தில் இந்த ஜில்லாவிலிருந்தே ஒரு குரலும் எழுந்தது. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தம் மக்களுக்காகப் பத்திரிகை தொடங்கினார். 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் உட்கார்ந்து சம உரிமை கேட்டார்.

பட்டா வேறு பெயரில்

கொடுத்த நிலம் என்ன ஆயிற்று? கடனுக்கு ஈடாகப் போனது உண்டு. படிக்கத் தெரியாதவரின் கைரேகையில் போனது உண்டு. ஷரத்து ஒரு பக்கம் இருக்க, பட்டா வேறு பெயருக்கு மாறிற்று. 1994-ல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில் செங்கற்பட்டில் போலீசார் சுட்டார்கள். இரண்டு பேர் மாண்டார்கள். கேட்டது தங்கள் நிலத்தைத்தான்.

இன்று 18 வயதான எல்லோருக்கும் ஓட்டு உண்டு. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்துவிட்டது. தாழ்த்தப்பட்டவரின் நிலத்தை அநியாயமாகப் பறிப்பது 1989-ம் வருடச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால், பிறர் தயவில் குடியிருப்பவன் பஞ்சாயத்துத் தலைவராகவே வந்தாலும் வாய் திறந்து பேச முடியுமா?

காசு கொடுத்து வாங்கியவன் கதி என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதை விற்றவனிடம் கேட்க வேண்டும். பறிகொடுத்தவனிடம் கேட்டு என்ன பயன்? நிலத்தை இழந்தவனைப் பட்டா மாற்றிய ஆபீசுக்கே போய் மனுக் கொடு என்று சொல்வதும் வேடிக்கையாக இருக்கிறது. அவன் ஏன் அலைய வேண்டும்? பழைய கணக்கும் புதிய கணக்கும் சர்க்காரிடம்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டியது சர்க்காரின் வேலை.

முதலில் ஊர்வாரியாகப் பட்டியல் வரட்டும். எந்த சர்வே நம்பர், எத்தனை ஏக்கர், முதலில் யாருக்குக் கொடுத்தது, இன்று யார் கையில் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் எழுதி வைக்கட்டும். சுவரில் எழுதுவது உத்திரமேரூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பாட்டன் பெயரில் நிலம் இருந்ததாக வீட்டில் பேச்சு உண்டானால், பழைய தாள்களைத் தேடுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி தாலுகா ஆபீசில் நிலப் பதிவேட்டின் நகல் கேட்கலாம். வழக்குப் போட வக்கீலுக்குப் பணம் இல்லையா? தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் கிடைப்பார். தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.