குளுக்கோஸ் பாட்டிலை மாற்றுவது யார் வேலை?

ராத்திரி 2 மணி. விபத்துச் செய்தி சேகரிக்கத் தேனிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வார்டில் ஒரு பெரியவருக்கு ஏறிக்கொண்டிருந்த பாட்டில் தீர்ந்துபோய், டியூபில் ரத்தம் எதிர்த்து ஏறியது. துணைக்கு இருந்த மகன் பதறிப்போய் ஒரு புதுப் பாட்டிலை எடுத்துச் சொருகப் போனான். ஏலத்தோட்ட வேலையிலிருந்து நேரே வந்தவன், கைகூடக் கழுவவில்லை.

"சிஸ்டரைக் கூப்பிடக் கூடாதாப்பா?" என்றேன்.

"ஒத்தை சிஸ்டர்தாண்ணே இருக்காக. அடுத்த வார்டுக்குப் போயிருக்காக."

நல்ல வேளை, சிஸ்டர் ஓடி வந்து தடுத்தார். அவன் எடுத்தது பக்கத்துக் கட்டில்காரரின் டெக்ஸ்ட்ரோஸ். பெரியவருக்கோ சர்க்கரை வியாதி!

நாம் எல்லாவற்றையும் 'குளுக்கோஸ்' என்கிறோம். ஆனால் ஒன்றில் உப்பு நீர், இன்னொன்றில் சர்க்கரை நீர். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது.

மாற்றுவதற்கு முறை உண்டு. கை கழுவ வேண்டும். நோயாளி பேர், மருந்தின் பேர், காலாவதித் தேதி மூன்றையும் டாக்டர் எழுதியதோடு பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துக் கலங்கல், தூசி, கசிவு பார்க்க வேண்டும். டியூபின் உருளையை மூடிய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். சொருகும் முனை எதிலாவது பட்டுவிட்டால் டியூபையே மாற்ற வேண்டும். கடைசியில் சொட்டுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

பேட்ச் நம்பரையும் குறித்துவைக்க வேண்டும். 2024 நவம்பரில் பெல்லாரி அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் பாட்டில்கள் மீது சந்தேகம் விழுந்தது. எது யாருக்கு ஏறியது என்று எழுதியிருந்தால்தானே கண்டுபிடிக்க முடியும்?

துணைக்கு இருப்பவர்களே! பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். 'சீக்கிரம் ஏறட்டும்' என்று உருளையைத் திருகாதீர்கள்.

அந்தப் பையன்மீது குற்றமில்லை, சிஸ்டர்மீதும் இல்லை. ராத்திரியில் இரண்டு வார்டை ஒருத்தர் தலையில் கட்டியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். டிரைவர் இல்லை என்று கம்பம் பஸ்ஸைப் பயணியிடம் ஓட்டக் கொடுப்பார்களா?