பழைய காருக்குப் பிறேக் துணை

யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் எமக்கு எழுதிய கடிதமே இவ்வாரக் கட்டுரைக்கு வித்தாயிற்று. "எங்கள் வீட்டில் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று இருக்கின்றது. இவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது எழுபத்தாறு. வலது முழங்காலில் நோவு. பிறேக்கை அழுத்தி மிதிக்க முடியவில்லை என்கின்றார். காரை விடவும் மனமில்லை. கனடாவிலிருக்கும் மகன் சேர்வோ என்னும் கருவியொன்றை அனுப்பியிருக்கின்றான். அதைப் பூட்டினால் பயமின்றி ஓடலாமா? உண்மையைச் சொல்லுங்கள்" என்பது அக்கடிதத்தின் சாரம்.

உண்மையைக் கேட்பவருக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடையளித்துவிட முடியவில்லை. எனவே, சென்ற மாதம் யாழ்ப்பாணம் சென்றிருந்த வேளையில் அவ்வில்லத்துக்கும் சென்று, காரையும் கருவியையும் கண்டு வந்தோம்.

சேர்வோ என்பது யாது? முதலில் அதனை விளக்குவோம். விஞ்ஞானம் கற்கும் மாணவர்க்கும் இது பயன்படும். நாம் பிறேக்கை மிதிக்கும்போது, மாஸ்ரர் சிலிண்டரில் உள்ள திரவம் அமுக்கப்படுகின்றது. அவ்வமுக்கம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் சென்று, பிறேக் சூக்களைச் சுழலும் ட்றம்மின் உட்புறத்தோடு அழுத்துகின்றது. இதில் உழைப்பது மனிதனின் கால் ஒன்றே. சேர்வோ அக்காலுக்கு ஒரு துணைவன். வட்டமான தகரப் பெட்டி ஒன்றினுள்ளே றப்பர் விரிப்பு ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது, அது காற்றை உறிஞ்சும் மனிபோல்ட் குழாயில் ஒரு குறை வெற்றிடம் உண்டாகின்றது. அந்த வெற்றிடம் ஒரு ஹோஸ் வழியாக றப்பர் விரிப்பின் இருபுறமும் நிலவுகின்றது. பிறேக்கை மிதித்தவுடன் சிறு வால்வு ஒன்று திறந்து, விரிப்பின் ஒரு புறத்தில் மட்டும் வெளிக்காற்றை விடுகின்றது. வெளிக்காற்று விரிப்பைத் தள்ள, விரிப்பு ஒரு தண்டைத் தள்ள, தண்டு பிறேக் திரவத்தை மேலும் அமுக்குகின்றது.

காற்றுக்கு இத்துணை வலிமையா என ஐயுறுவோர் ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். எஞ்சின் அமைதியாக ஓடும்போது மனிபோல்ட் வெற்றிடம் பாதரச அளவில் ஏறக்குறைய 20 அங்குலம். அதாவது, ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் சுமார் 10 இறாத்தல் தள்ளுகை. 7 அங்குல விட்டமுள்ள விரிப்பின் பரப்பு 38½ சதுர அங்குலம். எனவே முழுத் தள்ளுகை 385 இறாத்தல். பழைய நிறுவையில் ஏறக்குறைய மூன்றரை அந்தர்! கண்ணுக்குத் தெரியாத காற்றே இதனைச் செய்கின்றது. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் மனிபோல்ட் வெற்றிடம் மிகுகின்றமையால், பிறேக் தேவைப்படும் கணத்திலேயே துணையும் ஆயத்தமாக நிற்கின்றது.

காலுக்குத் துணை தேடும் முயற்சி புதியதன்று. 1919 இல் வெளிவந்த ஹிஸ்பானோ-சுவீசா கார், வண்டியின் ஓட்டத்தையே துணையாகக் கொண்டு பிறேக்கை இறுக்கியது. அம்முறையை றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தாரும் பல ஆண்டுகள் கையாண்டனர். 1950 களில் டிஸ்க் பிறேக் பரவத் தொடங்கியபோது வெற்றிடச் சேர்வோ சாதாரணக் கார்களுக்கும் வந்தது. டிஸ்க் பிறேக் தானாக இறுகுவதில்லை. மிகுந்த அழுத்தத்தை வேண்டுவது. மொறிஸ் மைனரோ வேறு வகை. அலெக் இசிகோனிஸ் வகுத்து 1948 இல் வெளியான இக்காரின் முன் சில்லுகளில், இரு சூக்களும் சுழலும் ட்றம்மோடு இழுபட்டுத் தாமாகவே இறுகுமாறு அமைந்துள்ளன. ஆதலால், அதனைச் செய்தோர் அதற்குச் சேர்வோ வைக்கவில்லை. பிறேக் நல்ல நிலையில் இருந்தால் நலமுள்ள கால் அதற்குப் போதும். இத்தகைய காரில் பிறேக் கடினமாயிருப்பின், குற்றம் முழுவதும் முழங்காலினது என்று முடிவு செய்வதற்கு முன் காரையும் சோதித்தல் வேண்டும்.

அவ்வூர் மெக்கானிக்கும் இதனையே சொன்னார். முப்பது ஆண்டுகளாகப் பழைய கார்களோடு பழகியவர் அவர். ஆசிரியர் ஆவலோடு பெட்டியைப் பிரித்துக் காட்ட, "ஐயா, இது பிறகு இருக்கட்டும். முதலில் ட்றம்மைக் கழற்றிப் பார்ப்போம்" என்றார். முன் இடது ட்றம்மைக் கழற்றியதும் சூவின் மேல் திரவம் கசிந்து படிந்திருக்கக் கண்டோம். சில்லுச் சிலிண்டரின் றப்பர் வளையம் தேய்ந்திருந்தது. அதைவிட அச்சந் தருவது இன்னொன்று. முன் சில்லுக்குச் செல்லும் றப்பர் ஹோஸை மெக்கானிக் விரலால் வளைத்துக் காட்டினார்; வறண்ட குளத்துச் சேறுபோல அது வெடித்திருந்தது.

ஆசிரியரின் முகம் மாறியது. அம்மையார் ஒன்றும் பேசவில்லை.

அவர்கள் இருவரும் அக்கணம் எண்ணியதை நாமும் எண்ணினோம். சேர்வோ திரவத்தின் அமுக்கத்தைப் பெருக்குவது. நோஞ்சான் ஹோஸின் மேல் அதனைப் பூட்டியிருந்தால், அவசரத்தில் மிதிக்கும் ஒரு மிதியில் ஹோஸ் வெடித்திருக்கலாம். இக்காலக் கார்களில் இரு தனித் திரவ வழிகள் உள்ளன. ஒன்று போனாலும் மற்றது காக்கும். மொறிஸ் மைனரிலோ ஒரே வழி. ஓரிடத்தில் உடைந்தால் நான்கு சில்லுகளின் பிறேக்கும் போயிற்று. கைப்பிறேக் ஒன்றே மிஞ்சும். அன்பு மிகுந்து மகன் அனுப்பிய பொருளே தந்தைக்கு ஆபத்தாகியிருக்கும்.

ஆகவே முதற் பதினைந்து நாட்களும் சேர்வோ அலுமாரியிலேயே இருந்தது. சிலிண்டர்களின் றப்பர் வளையங்கள், ஹோஸ்கள், முன் சூக்கள் யாவும் புதியனவாயின. துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்றும் மாற்றப்பட்டது. பழைய திரவம் முழுவதும் வடிக்கப்பட்டுப் புதிய பிறேக் திரவம் ஊற்றப்பட்டது. இதில் எஞ்சின் ஒயிலை ஒரு துளியும் கலத்தலாகாது. கலப்பின் றப்பர் ஊதிக் கெட்டுவிடும். இவ்வளவும் முடிந்ததும் காரை ஓட்டிப் பார்த்த ஆசிரியர், "பாதி நோவு காரில்தான் இருந்திருக்கின்றது" என்று சிரித்தாராம்.

மீதிப் பாதிக்கே சேர்வோ. அதனைப் பூட்டுமுன் மெக்கானிக் எஞ்சினின் வெற்றிடத்தை அளந்தார். இது மிக முக்கியம். 1990 களில் வடக்கில் பெற்றோல் அரிதாயிருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் பல. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து பிஸ்ரன் வளையங்களைத் தேய்த்துவிடும். தேய்ந்த எஞ்சினில் வெற்றிடமும் குன்றும். வெற்றிடம் குன்றின் சேர்வோ அலங்காரப் பொருளே. நல்வாய்ப்பாக இக்காரின் அளவுமானி 18 அங்குலத்தில் அசையாது நின்றது.

மனிபோல்ட்டைக் கழற்றி வெளியில் வைத்தே துளையிட்டனர். உலோகத்தூள் எஞ்சினுக்குள் விழலாகாதன்றோ! ஹோஸ் வழியில் ஒருவழி வால்வு வைக்கப்பட்டது. புகைக்குழாயின் வெப்பம் படாத இடத்தில், காற்றுக்குமிழ் தங்காதபடி, செய்தோர் குறித்த சாய்வில் சேர்வோ பொருத்தப்பட்டது. பின்னர் நான்கு சில்லுகளிலும் காற்றெடுத்தனர். இறுதிச் சோதனையை யாவரும் வீட்டிலேயே செய்யலாம். எஞ்சினை நிறுத்திப் பிறேக்கைப் பல முறை மிதித்து, எஞ்சிய வெற்றிடத்தைத் தீர்த்துவிட வேண்டும். பின் பிறேக்கை மிதித்தபடியே எஞ்சினை ஸ்ராட் செய்தால், கால் சற்றே கீழிறங்கும். இறங்கினால் சேர்வோ உழைக்கின்றது. இறங்காவிடின் ஏதோ பழுது.

அம்மையார் கேட்ட கேள்விக்கு இனி விடை கூறுவோம். சேர்வோ காலின் பாரத்தைக் குறைக்கும், அவ்வளவே. ரயருக்கும் வீதிக்கும் உள்ள பிடிப்பை அது ஒரு சிறிதும் கூட்டாது. ஈர வீதியில் மெல்ல மிதித்தாலும் சில்லு இறுகி வண்டி வழுக்கக்கூடும். எனவே முதற் சில நாட்கள் வெறும் வீதியில் பழகுதல் நன்று. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் வண்டியை உருளவிடுவோர் உளர். சேர்வோ பூட்டிய காரில் அது பெருந்தவறு. இரண்டு மூன்று மிதிகளில் வெற்றிடம் தீர்ந்து, முழுப் பாரமும் மீண்டும் காலின் மேல் விழும்.

எல்லாவற்றினும் மேலானது இன்னொன்று. மணிக்கு 30 மைல் வேகத்தில் கார் ஒரு வினாடியில் 44 அடி ஓடுகின்றது. இங்கிலாந்தின் வீதி விதிநூல், அவ்வேகத்தில் நிற்பதற்கு 75 அடி எனக் கணக்கிடுகின்றது. அதில் 30 அடி பிறேக் மிதிக்குமுன், மனிதன் கண்டு உணரும் நேரத்திலேயே கழிந்துவிடுகின்றது. அக்சிலேற்றரிலிருந்து பிறேக்குக்குக் காலைத் தூக்கி வைக்கும் நேரத்தை எந்தச் சேர்வோவும் குறைக்க மாட்டாது. வலுவற்ற காலுக்கு அது மருந்து. தாமதிக்கும் காலுக்கு அன்று.

இதனை நாம் ஆசிரியரிடமே கூறினோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, பின் மனைவியைப் பார்த்து, "கால் எழும்பச் சுணங்கினால் நீரே சொல்லும், அன்றைக்குத் திறப்பை உம்மிடம் தந்துவிடுகின்றேன்" என்றார். இரவிலும் மழையிலும் ஓடுவதில்லை, கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே என்பதும் முடிவாயிற்று.

மகன் அனுப்பிய கருவி நல்ல கருவிதான். ஆயினும் அதனினும் நல்ல காவல் அன்று அவ்விருவருக்குமிடையே நிகழ்ந்த அந்தப் பேச்சே என்று எமக்குத் தோன்றியது. பழைய காரும் முதிய ஓட்டுநரும் உள்ள வீடுகளில், கருவி வாங்குமுன் ட்றம்மைக் கழற்றிப் பாருங்கள். பின், ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசுங்கள்.