எதிர்பாரா மருத்துவமனை வாசமும் உடனிருப்போர் கடனும்

மருந்தேற்றும் நாள் முன்னரே குறிக்கப்படுவது. காய்ச்சலோ நாள் குறித்து வருவதன்று. சென்ற ஆண்டு என் அன்னையார்க்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, 21 நாளைக்கு ஒருமுறை கீமோதெரபி மருந்து ஏற்றப்பட்டு வந்தது. இரண்டாம் முறை மருந்தேற்றிய பத்தாம் நாள் இரவு அவர்க்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் எனக்குத் தேர்வு. ஆதலின் ஒருவர்க்கும் உரையாது, ஒரு பாரசிட்டமால் மாத்திரையை விழுங்கிப் படுத்துக்கொண்டார். விடியற்காலையில் உடல் நடுங்கக் கண்ட பின்னரே நாங்கள் அறிந்தோம். "உன் பரீட்சை கெட்டுவிடுமே என்றுதான் சொல்லவில்லை, கண்ணு" என்றார். அன்று தொடங்கிய ஏழு நாள் மருத்துவமனை வாசம் கற்பித்தவற்றை நண்பர்க்கு உரைத்தல் என் கடனெனக் கருதி இதனை எழுதலானேன்.

இக்காய்ச்சல் அத்துணை அஞ்சத்தக்கது ஏன்? விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பதே இம்மருந்துகளுள் பெரும்பாலனவற்றின் இயல்பு. நோயணு இது, நல்லணு இது என்று அவை முற்றும் பகுத்தறியமாட்டா. ஆதலின் குருதியணுக்களைப் பிறப்பிக்கும் எலும்பு மஜ்ஜையும் தாக்குண்கிறது. மருந்தேற்றியபின் 7 முதல் 14 நாளளவில் வெள்ளணுக்கள் மிகக் குறைதல் பெரும்பான்மை. அவற்றுள் நியூட்ரோபில் என்பவை ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 1500-க்கு மேல் இருத்தல் நலம்; அன்று என் அன்னையார்க்கு இருந்தவை 300. சீழும் வீக்கமும் தோன்றுதற்கும் அவ்வணுக்களே வேண்டுமாதலின், பல வேளைகளில் தொற்றினைக் காட்டும் அறிகுறி காய்ச்சல் ஒன்றே. அதனையும் மாத்திரையால் மறைத்தல், கள்வனைக் கண்டு கூவும் காவலனின் வாயைப் பொத்துதலை ஒக்கும். வெப்பம் 100.4 பாகை பாரன்ஹீட்டைத் தொட்டவுடன், பகலாயினும் நள்ளிரவாயினும், மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். சென்று சேர்ந்த ஒரு மணி நேரத்துள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குதல் வேண்டுமென்பது மருத்துவர் கொள்கை.

இங்ஙனம் மீண்டும் மருத்துவமனை புகுதலைச் சிகிச்சை தோற்றதற்கு அடையாளமெனப் பலர் கருதுகின்றனர். எங்கள் உறவினருள்ளும் அங்ஙனம் கூறி அழுதார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. 1948-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்துச் சிட்னி பார்பர் என்பார், அமினோப்டெரின் என்னும் மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சில காலம் தணிந்தமையை உலகிற்கு அறிவித்தார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். உயிரணுப் பெருக்கத்திற்கு இன்றியமையாத போலிக் அமிலத்தின் தொழிலைத் தடுப்பதே அம்மருந்தின் வன்மை. நோயை வாட்டும் அதே வன்மை மஜ்ஜையையும் வாட்டுமன்றோ? ஆதலின் இக்காய்ச்சல் சிகிச்சையோடு உடன்வரக்கூடிய இடரேயன்றி, சிகிச்சையின் தோல்வியன்று. இதனை நோயாளிக்கு முன்னரே தெளிய உரைப்பின் பாதி அச்சம் நீங்கும்.

இனி, காண வருவோர் பற்றி ஒரு சொல். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் பலர் பழக்கூடையுடன் வந்தனர். அவர்தம் அன்பிற்குக் குறைவில்லை. ஆயின் அவருள் இருவர் இருமினர். அவர்களை வாயிலிலேயே நிறுத்த வேண்டியிருந்தமை எனக்குப் பெருநாணமாயிற்று. எனினும், வாயிலில் நின்று செய்யும் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்பார் என்பதில் ஐயமுண்டோ? நோயாளியைக் கூட்டமாய்ச் சூழ்தலே அன்பென்னும் வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும். இரவில் ஒருவர் மாறி ஒருவர் காவலிருத்தலும், வீட்டிலுள்ள சிறு பிள்ளைகட்கு உணவு சமைத்துக் கொடுத்தலும் அதனினும் மேலான அன்பாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உடனிருந்து உதவுவானையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்தெண்ணினார். வகுப்பில் அக்குறளுக்கு உரை எழுதி நன்மதிப்பெண் பெற்றவன் யான். ஆயினும் என் வீட்டில் வெப்பமானி எங்கிருந்ததென அவ்விரவில் எனக்குத் தெரியாது. நான்காம் உறுப்பு அறியாமையுடையதாயின் ஏனைய மூன்றும் நன்றாயிருந்தும் பயன் குறையும். ஆதலின் இத்தகைய நோயாளி உள்ள வீட்டார், முதல் மருந்தேற்றிய நாளிலேயே ஒரு பையில் மாற்றுடையும், மருந்தின் பெயரும் ஏற்றிய நாளும் எழுதிய தாளும், மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் வைத்தல் நன்று. எவர் உடன் செல்வது, எவர் வீட்டிலிருப்பது என்பதனையும் அன்றே முடிவு செய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நம் பெற்றோர் தம் நோயை நம்மிடம் மறைப்பது பெரும்பாலும் நம் தேர்வின் பொருட்டே. தவறிய தேர்வைப் பின்னர் எழுதலாம், யானும் எழுதினேன். ஆயின் காய்ச்சலில் இழந்த ஓர் இரவை மீட்டல் அரிது. வீட்டில் நோயுள்ளதை ஆசிரியரிடம் கூற நாணற்க. "எனக்கு எதனையும் மறைக்க வேண்டா" என்று பெற்றோரிடமும் இன்றே கூறுக.

ஐந்தாம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. எட்டாம் நாள் வீடு திரும்பினோம். மூன்றாம் மருந்து ஒரு வாரம் தாழ்த்து ஏற்றப்பட்டது; மஜ்ஜையைத் தூண்டும் ஊசியும் உடன் போடப்பட்டது. எஞ்சிய முறைகளும் இடரின்றி நிறைவேறின. அந்நாட்களில் யான் புத்தகம் விரித்திருக்கும் வேளையிலும், என் அன்னையார் வெப்பமானியைப் பார்த்து அளவை உரக்கச் சொல்வார். அவ்வொலி என் படிப்பைக் கெடுத்ததில்லை.