ஏழாமிடத்துச் சேர்க்கையும் காணாமற்போன அரைமணி நேரமும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வெளிவரும் மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். பிறந்த ஆண்டு, படிப்பு, தொழில், வதியும் நாடு ஆகியவற்றோடு "எட்டில் செவ்வாய், பாவம் 32" என்பது போன்ற ஒரு வரியும் இருக்கும். அச்சுப்படி திருத்துபவர் வேறெதில் பிழை விட்டாலும் அந்த இலக்கத்தில் பிழை விடலாகாது. பெண்ணின் பட்டத்தைத் தவறாகப் போட்டால் தகப்பனார் பொறுத்துக்கொள்வார். எட்டு ஏழாகிவிட்டாலோ மறுநாட் காலை அலுவலக வாசலில் நிற்பார். பத்திரிகை அலுவலகங்களிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் இதை அறிவேன்.

அவ்வளவு கவனமாகக் காக்கப்படும் அந்த இலக்கம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. இப்போது கேட்டேயாக வேண்டும். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இந்நாட்டில் பிறந்த பிள்ளைகள் இன்று கலியாணப் பேச்சுக்கு வந்துவிட்டார்கள்.

சோதிடம் மெய்யா பொய்யா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சாத்திரத்தின் சொந்த விதிகளைக் கொண்டே பேசுகிறேன்.

விதி இதுதான். இலக்கினத்திலிருந்து ஏழாவது இராசி வாழ்க்கைத் துணைக்குரிய களத்திர ஸ்தானம். சுக்கிரன் களத்திரகாரகன். ஏழாமிடத்தில் கிரகங்கள் கூடி நின்றால் அந்தச் சேர்க்கைக்கேற்பப் பலன் கூறப்படும். செவ்வாயும் சனியும் கூடினால் பிணக்கு, சுக்கிரனும் இராகுவும் கூடினால் களத்திர தோஷம் என்றவாறு அது நீளும். சேர்க்கை வானத்தில் நிகழ்வது. அந்த நேரத்தில் பிறந்த எல்லோருக்கும் பொதுவானது. அது ஏழில் விழுகிறதா, ஆறில் விழுகிறதா, எட்டில் விழுகிறதா என்பதை நிர்ணயிப்பது இலக்கினம். இலக்கினமோ ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவது. ஆகவே, ஒரு பெண்ணின் இல்வாழ்க்கை பற்றிய தீர்ப்பு முழுவதும் பிறந்த கணத்தில் யாரோ ஒரு தாதி அண்ணாந்து பார்த்த சுவர்க் கடிகாரத்தில் தொங்குகிறது.

அந்தக் கடிகாரத்துக்கு என்ன நடந்தது? 1996 இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி வீழ்ந்தபோது, மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரைமணியைக் குறைத்தது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. 1999 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் ஒரே கணத்தில் இரு குழந்தைகள் பிறந்திருந்தால், கடிகாரக் கணக்கில் அவர்களுக்கிடையே அரைமணி வித்தியாசம். பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக் கேட்டே ஒருவரையொருவர் சந்திக்கப் புறப்பட்ட காலம் அது. ஆனால் குழந்தையின் பிறந்த நேரத்தைக் குறித்த துண்டுக் கடதாசியில் அந்த வேறுபாட்டை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? அதற்குப் பிறகு எத்தனை இடப்பெயர்வுகள்!

அரைமணி பிசகினால் நால்வரில் ஒருவருக்கு இலக்கினமே மாறிவிடும். உதாரணம் காட்டுகிறேன். 1999 நடுப்பகுதி முதல் 2000 நடுப்பகுதி வரை திருக்கணிதப்படி குருவும் சனியும் மேடத்தில் கூடி நின்றன. சனிக்கு அது நீச வீடு. துலா இலக்கினத்தின் கடைசி அரைமணியில் பிறந்த பெண்ணுக்கு அந்தச் சேர்க்கை ஏழாமிடத்தில். புதிய நேரத்தைப் பழைய நேரமென்று எண்ணிக் கணித்தால் அவளுக்கு விருச்சிக இலக்கினம். சேர்க்கை ஆறுக்குப் போய்விடும். ஏழாமிடம் சுத்தம் என்பார்கள். கன்னி இலக்கினத்தின் கடைசியில் பிறந்தவளுக்கோ எட்டில் இருப்பது ஏழுக்கு வந்து உட்காரும். முன்னவளுக்குப் பொருத்தம் உண்டு, பின்னவளுக்குக் களத்திர தோஷம். இரண்டும் கிரகங்கள் செய்த வேலையல்ல, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போன அரசாங்கம் செய்த வேலை.

நேரம் சரியாக இருந்தாலும் பஞ்சாங்கம் இரண்டு. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச்சில். வாக்கியப்படி 2026 மார்ச்சில். இடையில், 2025 மே பிற்பகுதிக்குப் பின்னர் பிறந்த குழந்தைக்கு வாக்கியக்காரர் கும்பத்தில் சனியும் இராகுவும் சேர்க்கை என்பார். திருக்கணிதக்காரர் அப்படியொரு சேர்க்கையே இல்லை என்பார். அது சிங்க இலக்கினத்துப் பெண்ணாயின், இருபத்தைந்து ஆண்டு கழித்து அவளது ஏழாமிடம் எந்தச் சாத்திரியாரின் படலையைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்திருக்கும்.

செவ்வாய் தோஷத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம். இலக்கினத்திலிருந்து மட்டும் எண்ணினாலே நூற்றுக்கு 42 பேர் அகப்படுவர். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் ஏறத்தாழ 80 பேர். ஊரில் முக்காற்பங்குக்கு மேற்பட்டோருக்கு உள்ள ஒன்றைத் தோஷம் என்று பெயரிட்ட பிறகு, விதிவிலக்குகளைத் தேடி ஓடுவதில் வியப்பில்லை. அந்த விதிவிலக்குகள் தட்டுப்பாடின்றிக் கிடைப்பது, வெளிநாட்டு மாப்பிள்ளை வரும்போதுதான்!

நல்ல சாத்திரியார் பிறந்த நேரத்தைச் சீர்படுத்தியே கணிப்பார் என்று சிலர் வாதிடுவர். அப்படிச் செய்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று கணிப்பது பெரும்பாலும் கணினி. கொடுத்த நேரத்தை அது நம்பிவிடும். எவரிடம் எந்த நேரத்தைக் கொடுத்தோம் என்பது பெற்றோருக்கே தெரியாதபோது சீர்படுத்துவது எதை?

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். "சாதகம் பொருந்தவில்லை" என்பது எவரும் மறுகேள்வி கேட்க முடியாத மரியாதையான மறுப்பு. சீதனம் போதாது, பகுதி சரியில்லை என்று நேரே சொல்லக் கூசுவோருக்கு அது பெரிய வசதி. ஆணுக்கு அது இன்னொரு குறிப்பைப் பார்க்கும் வேலை மாத்திரமே. பெண்ணுக்கோ ஒவ்வொரு மறுப்பும் ஓர் ஆண்டைத் தின்கிறது, ஏழில் கிரகம் என்ற பெயர் ஊரில் பரவுகிறது, அதை ஈடுகட்ட என்று சீதனக் காசு ஏறுகிறது.

சாதகம் பார்க்காதீர்கள் என்று நான் சொன்னால் கேட்கப் போகிறவர் எவருமிலர். ஆகவே வேறொன்று கேட்கிறேன். கணித்துக் கொடுப்பவர், எந்த நேரக்கணக்கு, எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் குறிப்பின் தலைப்பில் எழுதிக் கையொப்பமிடட்டும். அது எழுதப்படாத குறிப்பைக் கொண்டு பெண் வேண்டாம் என்று வருவோரிடம், தரகரை வைத்துக்கொண்டே பெண்ணின் தகப்பனார் கேட்கட்டும்: "ஐயா, இந்த ஏழு பழைய நேரத்து ஏழா, புதிய நேரத்து ஏழா?"