பெயருக்கும் பட்டா வேண்டும்



நம் வடசென்னை மணலியைத் தமிழில் எழுதினால் மூன்றுசுழி ணகரமும் குறிலும் வரும். இமயச் சாரலில், பனி காணச் செல்வோர் கூடும் மனாலியை எழுதினால் இரண்டுசுழி னகரமும் நெடிலும் வரும். தமிழ்ப் பிள்ளை எதுவும் இவ்விரண்டையும் மயங்காது. ஆங்கில எழுத்திலோ இரண்டும் ஒன்றே, ஆறே எழுத்து, வேறுபாடு சிறிதுமில்லை. ஆதலின் இணையத்தில் அவ்வெழுத்தால் நம்மூரைத் தேடுவார் முன் எண்ணெய் ஆலையும் கொற்றலையாறும் தோன்றுவதற்கு மாறாகப் பெரும்பாலும் பனிமலையே வந்து நிற்கின்றது. எழுத்தை இழந்தால் ஊரையும் இழப்போம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் எழுத்தை மட்டும் காத்தால் போதாது. அதனை நான் கற்றது பிந்தித்தான்.

என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் மணலியில் கடைசல் பட்டறை வைத்துள்ளார். பட்டறைக்கு நல்ல தமிழ்ப்பெயர் வேண்டுமென்று என்னிடம் வந்தார், தேர்ந்து தந்தேன். பலகையில் தமிழைப் பெரிதாக எழுதுவித்தார். பின்னர் வலைத்தளம் அமைக்க ஒருவரை அமர்த்தினார். அம்மனிதர் களப்பெயரைத் தம் பெயரிலேயே, தம் மின்னஞ்சலைக் கொண்டே பதிந்துகொண்டார். நான்காண்டு கழித்துக் கணக்கில் பூசல் நேர்ந்தது. வலைத்தளம் ஒரு காலையில் மறைந்தது. பட்டறைக்காரர் பதிவு நிறுவனத்தை வினவினார். “பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையே!” என்பதே விடை. பெயரை ஆக்கியவன் நான்; அதற்கு உழைத்தவர் அவர்; உரிமையோ மூன்றாமவர்க்கு! சொல்லை ஆக்கித் தந்த யான், அதனைக் காக்கும் வழியைச் சொல்லாது விட்டேனே என நாணினேன்.

அந்நாணமே இக்கட்டுரை.

களப்பெயர் என்பது ஒருமுறை விலை கொடுத்துக் கொள்ளும் பொருளன்று, காலக் குத்தகை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதியலாம். கெடு முடியுமுன் புதுப்பித்தல் வேண்டும். ‘காம்’ என முடியும் பெயரைப் புதுப்பியாது விட்டுப் பதிவு நீக்கப்படின், 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்கு மிகைக் கட்டணம் கேட்பர். அதுவும் கடந்தால் மேலும் 5 நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். பிறகு எவரும் அதனைக் கவர்ந்துகொள்ளலாம்.

எனவே வணிகர்கள் நான்கு செயல்களைத் தாமே செய்தல் வேண்டும். பதிவு தம் பெயரில் இருத்தல் வேண்டும். தம் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அதில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் தம் கையில் இருத்தல் வேண்டும். பெயரைப் பிறிதொரு நிறுவனத்திற்கு எவரும் மாற்றாதபடி இடப்படும் பூட்டு பூட்டியே இருத்தல் வேண்டும். வலைத்தளம் அமைப்பவர் கொத்தனாரைப் போன்றவர். வீடு கட்டும் கொத்தனார் பெயரில் மனைப்பட்டாவை எழுதுவார் உண்டோ?

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. சென்னையிலிருந்து இயங்கிய சத்தியம் இன்ஃபோவே நிறுவனம் 1999-இல் ‘சிஃபி’ என்னும் ஆக்கப்பெயரைக் கொண்டு களப்பெயர்களைப் பதிந்தது. பின்னர் ‘சிஃபிநெட்’ என ஒத்தொலிக்கும் பெயருடன் வேறொரு நிறுவனம் புறப்பட்டது. வழக்கு இந்திய உச்ச நயன்மன்றம் வரை சென்றது. களப்பெயர் வெறும் முகவரி மட்டுமன்று, வணிகக்குறி போலவே காக்கப்படத் தக்கது என 2004-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. கிண்டியில் உள்ள வணிகக்குறிப் பதிவகத்தில் பெயரைப் பதிந்து வைப்பார்க்கு இவ்வரண் மேலும் வலுக்கும்.

இனி, நம் எழுத்திற்கு வருவோம். உலக இணையத்தின் வேர்ப்பதிவில் ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’, ‘இந்தியா’ என்னும் மூன்று முடிவுகள் 2010, 2011 ஆண்டுகளிலேயே தமிழ் எழுத்தில் ஏறிவிட்டன. ‘தமிழ்நாடு’ என முடியவில்லையே என்னும் ஏக்கம் எனக்கும் உண்டு. எனினும் புள்ளிக்கு முன்னும் பின்னும் தமிழாகவே ஒரு கடையின் முகவரி அமையும் வாயில் திறந்தே உள்ளது. அவ்வாயிலில் நுழைந்தவர் நம்மிடையே எத்தனை பேர்?

அதன் குறையையும் மறையேன். கணினி உள்ளுக்குள் தமிழ்ப்பெயரை எக்சு, என் என்னும் ஈரெழுத்தும் இரண்டு சிறுகோடும் முன்வரும் ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றியே கையாளுகின்றது. தமிழ் முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சலை ஏலாத அமைப்புகள் இன்னும் உள. ஆகவே இரு பெயரையும் கொள்க என்பேன். இரண்டும் ஒரே தளத்திற்கு வழிகாட்டட்டும்.

ஆங்கில எழுத்துப் பெயரைக் கொள்வதே இழுக்கு என அன்பர் சிலர் சினப்பர். அதனை நாம் விடுத்தால் அது அழிந்துவிடாது. நம் பெயரால் பிறன் ஒருவன் கடை விரிப்பான். ஆனால், தமிழ் எழுத்துப் பெயர் வெறுமையாய்க் கிடப்பது அயலான் செய்த கேடன்று. அது நம் மடிமை.

மேடையில் நூறு கலைச்சொல் ஆக்குவது எளிது. அவற்றுள் ஒன்றையேனும் தன் பெயரில் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பித்துக் காப்பவனே மொழிக்கு உழைத்தவன். பலகையில் எழுதினீர், நன்று. பதிவேட்டிலும் எழுதுக, இன்றே எழுதுக!

வெல்க தமிழ்!