கைகளும் கற்கட்டும்

கல்வி ஏட்டோடு முடிவதா, கைத்திறனும் கூடியே நிறைவு பெறுவதா என்னும் வினா நம் கல்விக்கூடங்களில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. இவ்வினாவிற்குச் சுவிட்சர்லாந்து நாட்டு மாணவர் சிலர் ஓர் ஊர்தியைக் கொண்டு விடையளித்துள்ளனர். அதனை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சூரிச் நகரை அடுத்த டூபென்டோர்ஃபில், 'மிதென்' என்னும் மின்பந்தய ஊர்தி, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 நொடியில் எட்டி உலக சாதனை படைத்தது. அதற்குள் அது கடந்த தொலைவு 12.3 மீட்டரே. சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் லூசெர்ன் பல்கலைக்கழகம் ஒன்றையும் சேர்ந்த மாணவர்கள் 30 பேர், தம் படிப்பினூடே ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாக உழைத்து அதனை ஆக்கினர். மின்சுற்றுப் பலகை முதல் அடிச்சட்டம், மின்கலம் ஈறாக அனைத்தையும் தாமே வடிவமைத்தனர்.

வேகம் வியப்பிற்குரியது, அதன் பின்னின்ற சிந்தனையோ பாடமாகக் கொள்ளத்தக்கது. ஊர்தியின் எடை ஏறத்தாழ 140 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார்கள். மொத்தத் திறன் 240 கிலோவாட். ஆயினும், சக்கரம் தரையைப் பற்றாவிடில் வெறுமனே சுழலுமேயன்றி ஊர்தி முன்னேறாது. பந்தய ஊர்திகளின் இறக்கைகள் காற்றின் விசையால் ஊர்தியைத் தரையோடு அழுத்தும். ஆனால், ஓட்டம் தொடங்கிய பின்னரே அவ்விசை பிறக்கும். நிற்கும் ஊர்திக்கு அவற்றால் பயன் ஏது? இவ்விடரை உணர்ந்த மாணவர்கள், வீடுகளில் தூசி உறிஞ்சும் கருவியைப் போன்றதோர் அமைப்பினால் ஊர்தியின் அடிப்புறத்துக் காற்றை உறிஞ்சி, அதனைத் தரையோடு ஒட்டச் செய்தனர். உராய்வுச் சூத்திரத்தை எழுதி மதிப்பெண் பெறுவோர் பலர். அச்சூத்திரம் தம் வழியை மறிக்கும் இடத்தைக் கண்டு மாற்றுவழி தேடுவோர் மிகச் சிலரே.

இத்தகைய அணிகள் கலந்துகொள்ளும் 'ஃபார்முலா ஸ்டூடண்ட்' போட்டியின் நெறியும் நம் கருத்தைக் கவர்கின்றது. அதன் வழக்கமான மதிப்பீட்டில் 1000 புள்ளிகளுள் 325 புள்ளிகள், வடிவமைப்பையும் செலவுக் கணக்கையும் வணிகத் திட்டத்தையும் நடுவர்முன் விளக்குவதற்கு உரியன. விரைந்தோடும் ஊர்தியைச் செய்தவரும், "ஏன் இவ்வாறு செய்தீர்?" என்னும் வினாவிற்கு விடை கூறியாக வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2016இல் இவ்வணியின் 'கிரிம்செல்' 1.513 நொடியில் சாதனை படைத்தது. 2022இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 1.461 நொடியில் அதனை முறியடித்தனர். மறு ஆண்டே சாதனை சூரிச்சுக்கு மீண்டது. மாணவர் ஆண்டுதோறும் படித்து வெளியேறுவர்; அவர் பெற்ற பட்டறிவும் உடன் வெளியேறுமாயின் எந்த அணியும் நிலைக்காது. மூத்தோர் கண்டதை இளையோரிடம் ஒப்படைக்கும் மரபே இவ்வெற்றியின் அடித்தளம் என்பது எம் துணிபு.

விற்பனைக்கு வாரா ஊர்திக்கு இத்துணைப் பொருளும் காலமும் தகுமோ எனச் சிலர் வினவலாம். அங்கே விளைபொருள் ஊர்தியன்று, அதனை ஆக்கிய மாணவனே என்போம். செல்வ நாட்டார்க்கே இது இயலும் என்பதும் பொருந்தாது. இப்போட்டியின் இந்திய வடிவமான 'ஃபார்முலா பாரத்' நம் கோவையிலேயே நடைபெற்றுள்ளது. மின்னூர்திகளும் அதில் ஓடியுள்ளன.

ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் இதனை உளங்கொள்ள வேண்டுகின்றோம். ஆய்வுக்கூடத்தின் கதவு மாலையிலும் திறந்திருக்கட்டும். முதல் முயற்சியில் தோற்ற மாணவனுக்கு இரண்டாம் வாய்ப்பு கிட்டட்டும். கேட்ட பாடத்தை ஒப்பிப்பவனோடு, "ஏன்?" என்று கேட்பவனும் வகுப்பில் மதிக்கப்படட்டும். மாணவச் செல்வங்களே, நீங்கள் செய்வது சிறு கருவியேயாயினும் உங்கள் கையால் செய்யுங்கள். செய்ததை உங்களுக்குப் பின் வருவோர்க்குக் கற்றுக்கொடுத்துச் செல்லுங்கள்.